ஸ்லோ குக்கர் கோழிப் பாஸ்தா: சமையல் பக்கக் குறிப்புக்கு ஒரு திருத்தம்

ஆசிரியருக்கு,

வணக்கம். உங்கள் சமையல் பக்கத்தில் அண்மையில் வந்த ஸ்லோ குக்கர் (மெதுவாகச் சமைக்கும் மின்பானை) கிரீம் கோழிப் பாஸ்தாக் குறிப்பில் இரண்டு பெரிய பிழைகள் உள்ளன. விறைத்த கோழியை ஃபிரீசரில் இருந்து எடுத்தபடியே பானைக்குள் போடலாம் என்று அதில் எழுதியிருந்தது. கோழி, கிரீம், சீஸ், பாஸ்தா எல்லாவற்றையும் காலையிலேயே ஒன்றாகப் போட்டு, பானையின் ‘லோ’ நிலையில் எட்டு மணி நேரம் விட்டுவிட்டு வேலைக்குப் போகலாம் என்றும் இருந்தது. முதலாவதைச் செய்தால் வயிற்றுக்குக் கேடு வரலாம். இரண்டாவதைச் செய்தால் மாலையில் மூடியைத் திறக்கும்போது திரைந்த பாலும் களியான பாஸ்தாவும்தான் இருக்கும். பனிக்காலம் வந்தால் இந்த நகரத்தில் எத்தனையோ தமிழ் வீடுகளில் இந்தப் பானை நாள் முழுவதும் வேலை செய்கிறது. இரவு வேலை, பகல் வேலை என்று ஆளுக்கொரு நேரத்தில் சாப்பிடும் குடும்பங்களுக்கு அது பெரிய உதவி. அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

கோழியில் இருந்து தொடங்குகிறேன். 4 பாகை செல்சியஸுக்கும் 60 பாகைக்கும் இடையில்தான் உணவில் கிருமிகள் வேகமாகப் பெருகும் என்று கனடா அரசின் சுகாதாரத் துறையான ஹெல்த் கனடா எச்சரிக்கிறது. ஸ்லோ குக்கர் மெதுவாகச் சூடேறும் பானை. உருகிய இறைச்சிக்கே அந்த எல்லையைத் தாண்ட நேரம் எடுக்கும். ஒன்றோடொன்று ஒட்டிப் பாறையாக விறைத்த ஒரு கிலோ இறைச்சியைப் போட்டால் அதன் நடுப்பகுதி மணிக்கணக்காக அந்த எல்லைக்குள்ளேயே கிடக்கும். கடைசியில் எப்படியும் கொதிக்கத்தானே போகிறது, கிருமி செத்துவிடும் என்று சொல்பவர்கள் உண்டு. கிருமி சாகும், உண்மைதான். ஆனால் ஸ்டஃபிலோகொக்கஸ் போன்ற கிருமி பெருகும்போது விடும் நஞ்சு கொதியிலும் அழியாது.

ஆகவே கோழியை முந்தின நாளே ஃபிரீசரில் இருந்து எடுத்து, ஒரு தட்டில் வைத்து, ஃபிரிட்ஜின் அடித்தட்டில் விடுங்கள். ஒரு கிலோ பொதி உருக ஏறக்குறைய ஒரு முழுநாள் செல்லும். மறந்துவிட்டால், நீர் புகாத பையில் கட்டிக் குளிர்ந்த தண்ணீருக்குள் அமிழ்த்தி, அரை மணிக்கு ஒரு தடவை தண்ணீரை மாற்றுங்கள். ஒன்றிரண்டு மணி நேரத்தில் உருகிவிடும். இப்படி உருக்கியதை உடனே சமைக்க வேண்டும். மஞ்சளும் தேசிக்காயும் போட்டுக் கோழியை அலசிக் கழுவுவது நம்மிடம் ஊறிப்போன பழக்கம். ஆனால் குழாயடியில் பச்சைக் கோழியைக் கழுவும்போது தெறிக்கும் தண்ணீர் சிங்க், பக்கத்தில் காயும் கோப்பை, வெட்டிவைத்த சலாட் எல்லாவற்றிலும் கிருமியைப் பரப்பும். கழுவாமல் காகிதத் துவாயால் ஒற்றி எடுத்தாலே போதும். மஞ்சளை விரும்பினால் சமைக்கும்போது சேர்க்கலாம்.

இன்னொன்றும் அந்தக் குறிப்பில் இருந்தது. இரவே எல்லாவற்றையும் பீங்கான் பானைக்குள் அடுக்கி, பானையோடு ஃபிரிட்ஜில் வைத்து, காலையில் எடுத்து சுவிட்சைப் போடச் சொல்லியிருந்தார்கள். தடித்த பீங்கான் குளிரைப் பிடித்து வைத்திருக்கும். அது சூடேறுவதற்கே கூடுதல் நேரம் எடுக்கும், சில வேளை வெடித்தும் போகும். வெட்டிய இறைச்சியையும் வதக்கிய வெங்காயத்தையும் வேறு வேறு பெட்டிகளில் வைத்துக் காலையில் பானைக்குள் போடுவதே சரி.

இந்தப் பானை எதற்காக வந்தது என்று தெரிந்தால் அதில் எது சரிவரும், எது சரிவராது என்பது விளங்கும். அமெரிக்காவில் இர்விங் நாக்சன் என்பவர் இதற்கு 1940 இல் காப்புரிமை பெற்றார். லித்துவேனியாவில் யூதக் குடும்பங்கள் வெள்ளி மாலை பொழுது படுமுன் அவரை விதை, இறைச்சி, தானியம் போட்டு இரவிரவாக அடங்கிய சூட்டில் வேகவைக்கும் ‘சோலன்ட்’ என்ற உணவைப் பற்றித் தன் தாய் சொன்னதில் இருந்துதான் அவருக்கு இந்த எண்ணம் வந்தது. 1970 இல் ரைவல் நிறுவனம் அவருடைய தொழிலை வாங்கி, அடுத்த ஆண்டு ‘கிராக்-பாட்’ என்ற பெயரில் அதே பானையைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. மணிக்கணக்காக வெந்தால்தான் இளகும் பயறுக்கும் முரட்டு இறைச்சிக்குமாகப் பிறந்த பானை இது. பத்து நிமிடத்தில் வேகும் பாஸ்தாவுக்கு இதனுள் எட்டு மணி நேர வேலை கிடையாது.

‘லோ’ என்றால் குறைந்த சூடு, ‘ஹை’ என்றால் கூடிய சூடு என்று பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலான பானைகளில் இரண்டும் கடைசியில் போய் நிற்பது கொதிநிலைக்குச் சற்றுக் கீழான ஒரே சூட்டில்தான். அங்கே போய்ச்சேர எடுக்கும் நேரம்தான் வேறு. ஒவ்வொரு பானைக்கும் தனிக் குணம் உண்டு. உங்கள் பானையை அறிய ஒரு வழி: பாதிக்குத் தண்ணீர் விட்டு மூடி, ‘லோ’வில் எட்டு மணி நேரம் வையுங்கள். மூடியைத் திறந்த உடனே வெப்பமானியை விட்டுப் பாருங்கள். 85 பாகையை ஒட்டி இருந்தால் பானை நன்றாக இருக்கிறது. அதற்கு வெகுவாகக் கீழே இருந்தால் அதில் இறைச்சி சமைக்க வேண்டாம். 93 பாகையையும் தாண்டினால் சூடு கூடிய பானை, எந்தக் குறிப்பிலும் நேரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். புதிதாக வரும் பானைகள் பழையவற்றைவிடச் சூடு கூடியவை என்பதால் பழைய குறிப்புகளின் நேரத்தை அப்படியே நம்பக்கூடாது.

இனி அளவு. 6 குவார்ட் பானைக்கு, ஆறு பேருக்கு: எலும்பும் தோலும் நீக்கிய தொடை இறைச்சி 900 கிராம், பெரிய வெங்காயம் ஒன்று, உள்ளி ஆறு பல், காளான் ஒரு பொதி (227 கிராம்), உப்புக் குறைந்த கோழிச் சாறு 250 மில்லி லீற்றர், காய்ந்த தைம் அல்லது ஒரிகானோ ஒரு தேக்கரண்டி, இடித்த மிளகு ஒரு தேக்கரண்டி. கடைசியில் சேர்ப்பதற்கு கிரீம் சீஸ் 125 கிராம், 35 சதவீத விப்பிங் கிரீம் 125 மில்லி லீற்றர், துருவிய பார்மேசன் 60 கிராம், பசளி இரண்டு கைப்பிடி, பாஸ்தா 350 கிராம். உறைப்பு வேண்டியவர்கள் இடித்த செத்தல் மிளகாய் அரைத் தேக்கரண்டி சேர்க்கலாம். பெருஞ்சீரகம் ஒரு சிட்டிகை இடித்துப் போட்டாலும் அந்நியமாகத் தெரியாது, இத்தாலியர் சொசேஜில் போடுவதும் அதைத்தான்.

தொடை இறைச்சி என்று எழுதியது வேண்டுமென்றே. அந்தக் குறிப்பில் நெஞ்சு இறைச்சியை எட்டு மணி நேரம் வைக்கச் சொல்லியிருந்தார்கள். நெஞ்சில் கொழுப்பும் குறைவு, இணைப்புத் திசுவும் குறைவு. 74 பாகையைத் தொட்ட உடனே அது வெந்துவிட்டது. அதற்கு மேல் போகப் போக நார்கள் சுருங்கி உள்ளே இருந்த நீரைப் பிழிந்து வெளியே தள்ளும். சுற்றிவர எவ்வளவு சாறு நின்றாலும் அந்த நீர் திரும்ப உள்ளே போகாது. சாற்றில் மிதந்துகொண்டே இறைச்சி வரண்டு போவது இப்படித்தான். தொடையில் இருக்கும் கொலாஜன் என்ற புரதம் நீண்ட சூட்டில் ஜெலட்டினாகக் கரைந்து இறைச்சியை மென்மையாக வைத்திருக்கும், சாற்றுக்கும் ஒரு கனம் கொடுக்கும். தொடைக்கு ‘லோ’வில் நான்கு தொடக்கம் ஐந்து மணி நேரம், ‘ஹை’யில் இரண்டரை தொடக்கம் மூன்று. நெஞ்சுதான் வேண்டும் என்றால் ‘லோ’வில் இரண்டரை மணி நேரத்தில் வெப்பமானியால் பார்க்கத் தொடங்கி, மிகத் தடித்த இடம் 74 பாகையைத் தொட்டதும் எடுத்துவிடுங்கள். காலையில் போட்டு மாலையில் எடுக்கும் வேலை நெஞ்சு இறைச்சிக்கு ஒத்துவராது. தொடைக்குக்கூட எட்டு மணி நேரம் கூடுதல்தான். வேலைக்குப் போகிறவர்கள் நேரம் முடிந்ததும் தானாக ‘வார்ம்’க்கு (சூடாக மட்டும் வைத்திருக்கும் நிலைக்கு) மாறும் பானையை வாங்குவது நல்லது. சந்தையில் ‘சீசன்ட்’ என்று எழுதிய கோழிப் பொதிகளும் உண்டு. அவற்றில் தண்ணீரும் உப்பும் பொஸ்பேற்றும் ஏற்கெனவே ஏற்றியிருக்கும். அதை வாங்கினால் சாற்றைக் குறையுங்கள், உப்புப் போடாதீர்கள்.

வெங்காயத்தையும் காளானையும் பச்சையாகப் பானைக்குள் போடாதீர்கள். பானைக்குள் சூடு 100 பாகையைத் தாண்டாது. வெங்காயம் பொன்னிறமாகி இனிப்பேற 140 பாகையாவது வேண்டும். தாச்சியில் ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் விட்டு, வெங்காயத்தை ஏழெட்டு நிமிடம் வதக்கி, காளானைப் போட்டு அதன் தண்ணீர் வற்றும்வரை கிளறி, கடைசி ஒரு நிமிடத்துக்கு உள்ளியைச் சேருங்கள். பச்சையாகப் போட்ட உள்ளியின் காரம் ஐந்து மணி நேரத்திலும் முழுதாக அடங்காது. அதே தாச்சியில் இறைச்சியை இரண்டு பக்கமும் இரண்டிரண்டு நிமிடம் சிவக்கவிட்டால் சுவை கூடும், நேரமில்லை என்றால் அதை விடலாம். தாச்சியின் அடியில் பிடித்ததைக் கோழிச் சாற்றை விட்டுச் சுரண்டி எடுத்துப் பானைக்குள் ஊற்றுங்கள். சுவை முழுக்க அதில்தான் இருக்கிறது.

சாறு 250 மில்லி லீற்றர் போதுமா என்று சந்தேகம் வரும். போதும். மூடியில் படியும் ஆவி சொட்டித் திரும்பப் பானைக்குள்ளேயே விழும், வற்றுவது மிகக் குறைவு. கோழியும் காளானும் விடும் தண்ணீர் மட்டும் ஒரு கோப்பைக்குக் குறையாது. அடுப்பில் செய்யும் அளவுக்குச் சாறு ஊற்றினால் கடைசியில் சூப்தான் கிடைக்கும். இடையில் மூடியைத் திறந்து பார்க்காதீர்கள், ஒரு தடவை திறந்தால் இழந்த சூட்டைப் பிடிக்க இருபது, முப்பது நிமிடம் செல்லும்.

இப்போது கிரீம். அதிகம் பேர் தோற்றுப்போவது இங்கேதான். பாலில் இருக்கும் புரதம் நீண்ட சூடும் புளிப்பும் உப்பும் ஒன்றுசேர்ந்தால் திரண்டு கட்டியாகும், தண்ணீர் தனியாகப் பிரியும். கொழுப்புக் கூடிய கிரீமில் புரதத்தின் பங்கு குறைவு, அதனால் அது தாங்கும். 35 சதவீத விப்பிங் கிரீம் கொதியையும் தாங்கும். 18 சதவீத டேபிள் கிரீமைக் கவனமாகச் சேர்க்க வேண்டும். 10 சதவீத ‘ஹாஃப் அண்ட் ஹாஃப்’போ பாலோ பெரும்பாலும் திரையும், வெயிலில் காய்ந்த தக்காளியோ தேசிப்புளியோ சேர்ந்திருந்தால் கட்டாயம் திரையும். கொழுப்பைக் குறைக்க விரும்புகிறவர்கள் தகரத்தில் வரும் எவாப்பரேட்டட் பாலைப் பயன்படுத்தலாம், அது சாதாரணப் பாலைவிடச் சூட்டைத் தாங்கும். ‘லைட்’ கிரீம் சீஸ் நன்றாகக் கரையாமல் வெள்ளைப் புள்ளிகளாக நிற்கும். அதை வாங்குவதைவிட முழுக்கொழுப்புள்ளதில் அளவைக் குறைப்பது நல்லது.

சேர்க்கும் முறை இது. கோழி வெந்ததும் அதை ஒரு தட்டில் எடுத்து, ஐந்து நிமிடம் ஆறவிட்டு, இரண்டு முள்ளுக்கரண்டியால் பெரிய துண்டுகளாகப் பிய்த்து வையுங்கள். நூல் நூலாகப் பிய்த்தால் சாற்றை உறிஞ்சிப் பஞ்சுபோல் ஆகிவிடும். பானையை ‘ஹை’க்கு மாற்றுங்கள். ஒரு மேசைக்கரண்டி சோளமாவை இரண்டு மேசைக்கரண்டி குளிர்ந்த தண்ணீரில் கரைத்து ஊற்றிக் கிளறி, பதினைந்து நிமிடம் மூடி வையுங்கள். சாறு தடிப்பாகும். மாப்பொருள் பால் புரதத்தைத் திரளவிடாமலும் காக்கும். ஃபிரிட்ஜில் இருந்து ஒரு மணி நேரம் முன்னரே எடுத்துவைத்த கிரீம் சீஸை ஒரு கோப்பையில் போட்டு, பானையில் இருந்து ஓர் அகப்பை சூடான சாறு விட்டுக் கட்டியில்லாமல் அடியுங்கள். பிறகு கிரீமையும் அதில் கலந்து, எல்லாவற்றையும் பானைக்குள் ஊற்றுங்கள். குளிர்ந்த கட்டியை அப்படியே பானைக்குள் போட்டால் அரை மணி கிளறினாலும் வெள்ளைக் குருணிகள் நிற்கும்.

பார்மேசன் கடைசி. பானையை நிறுத்திவிட்டு, கைப்பிடி கைப்பிடியாகத் தூவிக் கிளறுங்கள். பொதியில் துருவி வரும் சீஸில் ஒட்டாமல் இருக்க செலுலோஸோ மாப்பொருளோ கலந்திருக்கும். அது சாற்றில் மணல்போல் நெருடும். கட்டியாக வாங்கி வீட்டில் துருவினால் அந்தத் தொல்லை இல்லை. மொற்சறெல்லா இந்தச் சாற்றுக்கு வேண்டாம், அது கயிறாக இழுபட்டு ஒரு பக்கம் உருண்டையாகும். உப்பை இவ்வளவும் சேர்ந்த பிறகே நாக்கில் வைத்துப் பார்த்துப் போடுங்கள். சாறு, கிரீம் சீஸ், பார்மேசன் மூன்றிலும் ஏற்கெனவே உப்பு உண்டு.

பாஸ்தாவுக்கு இரண்டு வழி உண்டு. நான் பரிந்துரைப்பது வேறு பானையில் அவித்துச் சேர்ப்பது. நிறையத் தண்ணீரைத் துள்ளக் கொதிக்கவிட்டு, லீற்றருக்கு ஒன்றரைத் தேக்கரண்டி உப்புப் போட்டு, பொதியில் சொன்ன நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன்பாக வடியுங்கள். வடிக்குமுன் ஒரு கோப்பை பாஸ்தாத் தண்ணீரை எடுத்துவைக்க மறக்காதீர்கள். வடித்ததை அலசாமல் சாற்றுக்குள் போட்டு, பசளியையும் கோழியையும் சேர்த்து, ஐந்து நிமிடம் மூடி வையுங்கள். மிச்ச வேக்காடு அந்தச் சூட்டிலேயே முடியும். இறுகினால் எடுத்துவைத்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விடலாம்.

இரண்டாவது வழி, ஒரே பானையில் முடிப்பது. சமையலறையில் இன்னோர் அடுப்பு இல்லாதவர்களுக்கு இது உதவும். இதற்குச் சோளமாவு வேண்டாம், பாஸ்தா விடும் மாவே போதும். கோழியைப் பிய்த்து வைத்த பிறகு, கிரீம் சேர்க்குமுன், இன்னும் 250 மில்லி லீற்றர் கோழிச் சாற்றைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றி, பச்சைப் பாஸ்தாவைப் போட்டு ‘ஹை’யில் மூடுங்கள். குளிர்ந்த சாறு ஊற்றினால் பானை திரும்பச் சூடேறும்வரை பாஸ்தா ஊறிக்கொண்டே கிடந்து வெளிப்புறம் கூழாகும், நடுவில் மா நிற்கும். பாஸ்தா முழுதும் சாற்றுக்குள் அமிழ்ந்திருக்க வேண்டும். பென்னே, ஃபுசில்லி போன்ற தடித்த வகைக்கு இருபத்தைந்து தொடக்கம் முப்பத்தைந்து நிமிடம். பதினைந்தாவது நிமிடத்தில் ஒரு தடவை கிளறி, இருபதாவது நிமிடத்தில் ஒன்றைக் கடித்துப் பாருங்கள். வெந்ததும் கிரீம், சீஸ், பசளி, கோழி எல்லாவற்றையும் மேலே சொன்னபடி சேருங்கள். மூடியைத் திறக்காதீர்கள் என்று மேலே சொன்னது இந்தக் கட்டத்துக்குப் பொருந்தாது. ஸ்பகெட்டி இந்த வழிக்கு உதவாது, கட்டுக் கட்டாக ஒட்டிவிடும்.

எந்த வழியானாலும் பொதியின் பின்பக்கத்தைப் படியுங்கள். துரம் கோதுமை ரவையில் செய்தது உருக்குலையாது. கனடாவில் அதற்குப் பஞ்சமும் இல்லை, சஸ்காச்சுவான் மாகாணத்தில் விளையும் துரம் கோதுமை உலகெங்கும் பாஸ்தாவுக்காகப் போகிறது. சாதாரணக் கோதுமை மாவில் செய்த மலிவான பாஸ்தா சாற்றுக்குள் போனதும் குழைந்துவிடும்.

சாறு திரைந்துவிட்டால் முழுதாக மீட்க முடியாது. ஆனால் கோழியை எடுத்துவிட்டு, சாற்றில் இரண்டு அகப்பையைக் கைமிக்ஸியால் அடித்து, இரண்டு மேசைக்கரண்டி கிரீம் சீஸ் சேர்த்துத் திரும்ப ஊற்றினால் மேசைக்கு வைக்கக்கூடிய அளவுக்கு வரும். எண்ணெய் மிதந்தால் சீஸ் அதிகச் சூட்டில் விழுந்திருக்கிறது, ஒரு கரண்டி சூடான பாஸ்தாத் தண்ணீர் விட்டு வேகமாகக் கிளறுங்கள்.

பிந்தி வருகிறவர்களுக்காக எல்லாவற்றையும் கலந்து ‘வார்ம்’இல் வைத்திருக்காதீர்கள். ஒரு மணி நேரத்தில் பாஸ்தா சாறு முழுவதையும் குடித்து ஊதிவிடும். சாற்றையும் கோழியையும் மட்டும் ‘வார்ம்’இல் விட்டு, வருகிறவருக்கு அவ்வப்போது பாஸ்தா அவித்துக் கலந்து கொடுங்கள். வேலையால் வந்து பார்க்கும்போது மின்சாரம் போய் வந்ததற்கு அடையாளமாக மணிக்கூடு மின்னிக்கொண்டிருந்தால், எவ்வளவு நேரம் நின்றது என்று தெரியாதபோது அந்தப் பானையில் இருப்பதைக் கொட்டிவிடுங்கள், வெந்ததுபோலத் தெரிந்தாலும். மிஞ்சியதை இரண்டு மணி நேரத்துக்குள் பானையில் இருந்து எடுத்து, ஆழம் குறைந்த பெட்டிகளில் பரப்பி ஃபிரிட்ஜில் வையுங்கள். மூன்று நாளுக்குள் முடியுங்கள். திரும்பச் சூடாக்குவது அடுப்பிலோ மைக்ரோவேவிலோ, கொஞ்சம் பால் விட்டு, நடுப்பகுதி 74 பாகை வரும்வரை. ஸ்லோ குக்கரில் மீள் சூடாக்கக் கூடாது. ஃபிரீசரில் வைப்பதானால் கிரீம் சேர்க்குமுன் கோழியையும் சாற்றையும் மட்டும் வையுங்கள். கிரீம் சேர்ந்தது உருகும்போது பிரிந்துவிடும்.

ஆசிரியர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சமையல் பக்கத்தில் ஸ்லோ குக்கர் குறிப்பு எது வந்தாலும் பானையின் அளவு, இறைச்சியின் நிறையும் பகுதியும், ‘லோ’வா ‘ஹை’யா, எதை எத்தனையாவது மணியில் சேர்ப்பது என்ற நான்கையும் எழுதுபவரிடம் கேட்டு வாங்கிப் போடுங்கள். இந்தக் கடிதம் முழுவதற்கும் இடமில்லை என்றால் பாஸ்தாவையும் சீஸையும் பற்றியதை வெட்டிக்கொள்ளுங்கள். விறைத்த கோழியைப் பற்றிய திருத்தத்தை மட்டும் அடுத்த இதழிலேயே, அந்தக் குறிப்பு வந்த அதே பக்கத்தில் போட்டுவிடுங்கள்.

வாசகர் ஒருவர்,
ஸ்கார்பரோ